ஒரு கோடியும் மாதம் பத்தாயிரமும்



வித்துவான்களுக்கும் விமர்சகர்களுக்கும் பஞ்சமில்லாத ஹைதராபாதில், கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். தலைப்பைச் சொன்னதும் காரணம் புரிந்துவிட்டது. கலைஞர்களின் வருமானத்தைப் பற்றிக் கலைஞர்கள் பேச மாட்டார்கள், கூச்சம். சபாக்காரர்கள் பேச மாட்டார்கள், ஜாக்கிரதை. மிச்சம் இருப்பது ஆடிட்டர்தான். ஜூலை மாதம் வந்தால் பாட்டு வாத்தியார், ஓவியர், சினிமாவுக்கு உடை தைப்பவர், மிருதங்கக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு துணிப்பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். அந்த மேசையிலிருந்து பார்த்ததையும், இந்த ஊரின் வரலாற்றில் படித்ததையும் சேர்த்துப் பேசுகிறேன். அழகியல் பற்றி ஒரு வார்த்தையும் வராது, மன்னிக்க வேண்டும்.

2024 மே மாதம் நகரத்தின் விளிம்பில், துர்க்கயம்ஜாலில், கட்டடக் கூலி வேலை செய்துகொண்டிருந்த ஒரு முதியவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பெயர் தர்சனம் மொகிலய்யா. நாகர்கர்னூல் மாவட்டத்துக்காரர். பன்னிரண்டு மெட்டுக் கின்னெரா வாசிப்பவர். மூங்கில் தண்டு, அதன் கீழே சுரைக்குடுக்கைகள், தண்டின்மேல் பன்னிரண்டு மெட்டுகள். அதை வாசித்துக்கொண்டே வீரர் கதை பாடுவது அவர்கள் குலத்தொழில். 2021இல் வெளிவந்த ‘பீம்லா நாயக்’ பாட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது அவர் குரல். 2022இல் பத்மஸ்ரீ. மாநிலப் பாடநூலில்கூட அவரைப் பற்றிய பாடம் வந்தது. அன்றைய அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது.

கையில் வந்த பணம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும், மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியதற்கும் போய்விட்டது என்று அவரே சொன்னார். வீடு பாதியில் நின்றது. அரசு மாதாமாதம் கொடுத்து வந்த பத்தாயிரம் ரூபாயும் நின்றது. மருந்துக்கே மாதம் ஏழாயிரம் வேண்டும் என்றார். செய்தி வந்ததும் ஊர் இரண்டு கட்சியாயிற்று. பத்மஸ்ரீயை மண் சுமக்க விட்டதே அரசு என்றது ஒரு கட்சி. கோடி ரூபாயைத் தொலைத்தவனுக்கு என்ன பரிதாபம் என்றது மறு கட்சி.

இரண்டு கட்சியும் பார்த்தது கோடியை. என் கண் போனது பத்தாயிரத்தின் மேல். கோடி தீர்ந்த மறுநாள் அவர் சாரம் ஏறவில்லை; பத்தாயிரம் நின்றபிறகுதான் ஏறினார். ஆயுள் முழுக்க நிலையான பணம் பார்க்காத குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தால், அது வரும்போதே செலவாகித்தான் வருகிறது. தள்ளிப்போட்ட கல்யாணம், தீர்க்காத கடன், ஒழுகும் கூரை, கேட்க உரிமையுள்ள பங்காளி எல்லாரும் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் கோடியை அரசே வங்கியில் போட்டு, ஆறு சத வட்டியை மாதாமாதம் கொடுத்திருந்தால் ஐம்பதாயிரம் வந்திருக்கும், முதலும் அப்படியே இருந்திருக்கும். இதற்கு ஆடிட்டர்கூட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் மாதம் ஐம்பதாயிரம் என்றால் மேடையில் நீட்டிப் படம் பிடித்துக்கொள்ளக் காசோலை கிடையாதே.

(இடையில் ஒரு குறிப்பு. இந்த மொகிலய்யாவை ‘பலகம்’ மொகிலய்யாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வாரங்கல் பக்கத்துக்காரர், 2023இல் வந்த ‘பலகம்’ படத்தின் கடைசிக் காட்சியில் மனைவியோடு பாடி மாநிலத்தையே அழவைத்தவர், சிறுநீரகம் கெட்டு 2024 டிசம்பரில் இறந்துபோனார். ஒரே பெயர், ஒரே மாநிலம், இருவருக்கும் சினிமாவில் ஒரே ஒரு வெளிச்சம்.)

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கலையின் விலை வேறு, கலைஞனின் கூலி வேறு. விலையைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். ஓவியம் எத்தனை கோடிக்குப் போயிற்று, நடிகர் சம்பளம் எவ்வளவு, விருதுத் தொகை எவ்வளவு. கலைஞனை உயிரோடு வைத்திருந்தது என்றைக்கும் தேதி தவறாமல் வந்த சின்னத் தொகைதான்.

பழைய காலத்துக்கு இது தெரிந்திருந்தது. மௌலா அலி குன்றின் அடியில் மஹ்லகா பாய் சந்தாவின் கல்லறை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நிஜாம் தர்பாரில் ஆடிப் பாடியவர், உருதுவில் கஜல்கள் எழுதியவர்; 1824இல் இறந்தார். அவருக்கு நிஜாம் கொடுத்தது ஜாகீர் நிலம். உஸ்மானியா பல்கலைக்கழகம் இருக்கும் அடிக்மெட் பகுதி அவர் ஜாகீரில் சேர்ந்ததுதான் என்பார்கள். ஜாகீர் என்றால் வருஷா வருஷம் வரி வசூல் வந்துகொண்டிருக்கும். ஆடும் கால் ஓய்ந்தாலும் நிலம் ஓயாது.

நம் பக்கம் இதைவிடத் துல்லியமான கணக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த பட்டியலை என் தொழில்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். நானூறு தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்குப் பங்கு ஒன்று, நெல்லு நூறு கலம். நட்டுவர், பாடுவோர், உவச்சர், தையல்காரர், நாவிதர் எல்லாருக்கும் அப்படியே. கணக்கரும் உண்டு, அதைப் பார்த்தபோது எனக்குச் சற்றுக் கர்வம்தான். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடத்துக்கு யார் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: நெருங்கிய உறவில் தகுதியுள்ளவர், அப்படி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவர். பணிவிதிப் புத்தகம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் கொண்டாட வரவில்லை. பிறந்த குலம் தொழிலைத் தீர்மானித்தது, வேண்டாம் என்று எழுந்துபோக ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லாது. ஆனாலும் கலைக்குக் கொடுப்பதை ஆண்டுப் பங்காகக் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. நாம் ஒழிக்க வேண்டியதை ஒழித்தோம், கூடவே அந்த அறிவையும் ஒழித்துவிட்டோம்.

நம் காலத்துக்கு வந்தால், பாடகர் உஸ்தாத் படே குலாம் அலி கான் கதை எல்லாருக்கும் தெரியும். ‘முகலே ஆசம்’ படத்துக்குப் பாடக் கேட்டு இயக்குநர் கே. ஆசிப் வந்தபோது, ஆளைத் துரத்துவதற்காக ஒரு பாட்டுக்கு இருபத்தைந்தாயிரம் என்றார். முன்னணிப் பின்னணிப் பாடகர்களுக்கே ஐந்நூறு ரூபாய்கூட இல்லாத காலம். ஆசிப் சரி என்றுவிட்டார். கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டுவது வழக்கம். கான் சாகேப் பிற்காலத்தில் வாதத்தில் விழுந்தார். 1968 ஏப்ரலில் அவர் உயிர் பிரிந்தது நம் ஊரில், பஷீர்பாக் அரண்மனையில், ஒரு நவாபின் ஆதரவில். ஒரு பாட்டுக்கு இருபத்தைந்தாயிரம் வாங்கியவருக்கே கடைசியில் ஒரு புரவலரின் வீடு வேண்டியிருந்தது.

ஓவியர்களுக்கு வருகிறேன். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்தவர். ராம் மனோகர் லோகியா சொன்னதன் பேரில் ஹைதராபாதில் பத்ரி விஷால் பித்தியின் ஆதரவில் ராமாயண ஓவியங்களைத் தீட்டினார். ஏறக்குறைய எட்டு ஆண்டு, நூற்றைம்பது ஓவியம். அப்போது கையில் காசே இல்லை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அவர் 1954இல் வரைந்த ‘கிராம யாத்திரை’ 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 118 கோடி ரூபாய்க்குப் போனது. வரைந்தவர் 2011இலேயே இறந்துவிட்டார். படத்தை ஒரு நார்வே மருத்துவர் வாங்கினார், பிறகு அது ஆஸ்லோ மருத்துவமனைக்குப் போனது. ஏலப் பணமும் அந்தப் பக்கம் போனது. நல்ல காரியத்துக்குத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 118 கோடி என்பது ஓவியருடைய வருமானத்தைப் பற்றிய செய்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது என்பது பல ஓவியர்களுக்கே தெரியாது. பதிப்புரிமைச் சட்டம், 53அ. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு மூல ஓவியம் மறுவிற்பனையானால், வரைந்தவருக்கோ வாரிசுக்கோ அந்த விலையில் பங்கு உண்டு. பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1994 திருத்தத்தில் வந்தது. பிரான்ஸ் 1920லேயே இப்படி ஒரு சட்டம் போட்டு, அதை நடத்தியும் காட்டியது. இங்கே வசூலிப்பதற்கு ஓர் ஏற்பாடு உருவாகவில்லை. என் மேசைக்கு வரும் ஓவியர் எவர் கணக்கிலும் இந்த வரவை நான் எழுதியதில்லை.

அப்படியானால் இந்த ஊர் ஓவியர்கள் எதில் வாழ்ந்தார்கள்? பி.டி. ரெட்டி பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்துத் தேறி, 1940களில் அங்கே பேர் வாங்கியவர். திரும்பி வந்து ஹைதராபாதில் மரச்சாமான் தொழில் நடத்தினார். அந்த ஆண்டுகளில் தூரிகையைவிட இழைப்புளி அதிகம் உழைத்தது. லட்சுமா கௌட் பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்து வந்து தூர்தர்ஷனில் வேலை பார்த்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தெலங்கானாப் பெண்களை நெற்றிக் குங்குமமும் பெரிய மூக்குத்தியுமாக வரையும் தோட்டா வைகுண்டம் பால பவனில் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். ‘தாசி’ படத்துக்குக் கலை இயக்கம் செய்து தேசிய விருதும் வாங்கினார். கௌட், வைகுண்டம் இருவருடைய நல்ல படங்களுக்குப் பின்னால் அரசாங்கச் சம்பளச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் எந்த இழிவும் கிடையாது. கலைக்கு நிகழ்ந்த விபத்து என்று அந்த வேலையைச் சொல்லுகிறவர்கள் உண்டு. படம் விற்றால்தான் சோறு என்றிருந்தால் முதல் சில வருஷங்களிலேயே சந்தைக்குப் பிடித்ததை வரையத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் கட்சி.

சென்னைக்காரர்கள் இதையே கூட்டாகச் செய்து பார்த்தார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது நிலம் வாங்கப் பணம் கொடுத்தது ஓவியம் இல்லை, பாத்திக். துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றி, தோலிலும் உலோகத்திலும் கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வரும்படியில் ஓவியர்கள் மனை வாங்கினார்கள். பாதி நாள் பாத்திக், பாதி நாள் படம். இந்தியாவில் ஓவியர்கள் தாங்களே நடத்திய இத்தனை நீண்ட ஆயுள் கொண்ட ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கலை இலக்கியக் கூட்டங்களில் பணிக்கரின் கோடுகளையும் குறிகளையும் பற்றிப் பேசுகிறார்கள். அவருடைய வணிக மூளைக்கு ஒரு கருத்தரங்கம் வைத்தால் நான் வருகிறேன்.

நாடகத்தில் கூலியைச் சோறாகவே கொடுத்தார்கள். கடப்பை மாவட்டத்து சுரபி கிராமத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள் இன்று லிங்கம்பள்ளிக்கு அருகே குடியிருக்கின்றன. பாட்டி முதல் பேத்தி வரை மேடையில். திரை இழுப்பவரும் மாமன்தான், மின்சாரம் பார்ப்பவரும் மச்சான்தான். பாப்ஜி என்ற நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022இல் மறைந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளும் அதே மாதிரிதான். டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் அந்தக் கம்பெனி வீட்டு வாழ்வை விரிவாக எழுதியிருக்கிறார், படித்திருப்பீர்கள். வசூல் விழுந்த மாதத்திலும் அடுப்பு எரியும் என்பது அதன் பலம். கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது பலவீனம். வெளியே போக நினைத்தவன் கையில் என்ன மிஞ்சும்?

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பக்கவாத்தியக்காரர், பெயர் வேண்டாம். வரிக் கணக்குக்காக ஆண்டுதோறும் கொண்டுவருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் தேதி, ஊர், பாடகர் பெயர். வலது பக்கம் இரண்டு பத்தி: ‘சொன்னது’, ‘வந்தது’. இரண்டும் ஒன்றாக இருக்கும் வரிகள் குறைவு. சொன்ன தொகை வந்திருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். தொகை சொல்லாமலே போய் வாசித்த இடங்களில் ‘சொன்னது’ பத்தியில் ஒரு கோடு. பெரிய சபா ஒன்றுக்கு எதிரே, வந்தது என்ற இடத்தில், ‘சால்வை’ என்று எழுதியிருந்தார். கிண்டலுக்கு எழுதியதில்லை. அவருக்கு அது கணக்கு.

பாடகருக்குப் பேசும் தொகையில் பக்கவாத்தியத்தின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. கச்சேரி முடிந்ததும் செயலாளர் பக்கவாட்டு அறையில் கவர் கொடுப்பார். மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கும். அங்கேயே பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆட்டோவில் ஏறியபிறகுதான் தெரியும். இளம் வித்துவான்கள் என்றால் கவரும் கிடையாது, வாய்ப்புக் கொடுத்ததே பெரிசு. நன்கொடை கொடுத்து மேடை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று பேச்சு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. அரங்க வாடகைக்கு ரசீது உண்டு, ஒலிபெருக்கிக்காரருக்குக் கட்டணம் உண்டு, சிற்றுண்டிக்கு முன்பணம் உண்டு. அன்று மாலை அந்த அரங்கில் விலை பேசப்படாத ஒரே பொருள் எது என்று கேட்டால், எதைக் கேட்க எல்லாரும் வந்தார்களோ அதுதான்.

அந்த நோட்டில் மாதங்களும் பேசும். ஆடியில் பக்கம் வெறிச்சென்று இருக்கும். நாதஸ்வரக்காரர் நோட்டாக இருந்தால் மார்கழியும் காலி. தெலுங்கு நாட்டில் ‘மூடம்’ என்று குரு, சுக்கிரன் மறைந்திருக்கும் நாட்களில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள்; மேளக்காரர் வீட்டில் அப்போது பஞ்சாங்கத்தைத் திட்டும் சத்தம் கேட்கும். பழைய நகரத்தில் மர்பா வாத்தியக் குழுக்களுக்கு ரமலானும் முஹர்ரமும் வேலை இல்லாத மாதங்கள். ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டையின் பெயரே ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்களிடமிருந்து வந்தது. நிஜாமிடம் சம்பளத்துக்கு இருந்த சித்திகள் அவர்கள். 1948இல் சமஸ்தானம் போனது, படை கலைந்தது, சம்பளம் நின்றது. முன்பு அவர்கள் கொண்டாட்டத்துக்குக் கொட்டிய மர்பா பலருக்குப் பிழைப்பாயிற்று. ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களில் ஆளை ஆடவைக்கும் அந்தத் தாளத்தின் பின்னால் நின்றுபோன ஒரு சம்பளம் இருக்கிறது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்று கேட்பீர்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய தொழில்முறையாளர் பட்டியலில் மருத்துவர், வக்கீல், பொறியாளரோடு ‘திரைப்படக் கலைஞர்’ இருந்தார். நடிகர், ஒளிப்பதிவாளர், பாடலாசிரியர், நடன இயக்குநர், உடை வடிவமைப்பாளர் வரைக்கும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். ஓவியர், சிற்பி, மேடையில் பாடுபவர், தவில் அடிப்பவர் என்று யாருக்கும் தனிப்பெயர் இருக்கவில்லை. சினிமாவுக்குள் போனால் தொழில்முறையாளர், வெளியே நின்றால் இதர வகை. வெளிநாட்டு வருமானத்துக்குக் கலைஞர்களுக்கென்று முன்பு ஒரு வரிச்சலுகை இருந்தது. அதில் நடிகர், இசைக்கலைஞரோடு விளையாட்டு வீரரும் உண்டு. விளம்பரத்தில் தோன்றியதால் நானும் நடிகனே என்று சச்சின் டெண்டுல்கர் அந்தச் சலுகையைக் கேட்டார், 2011இல் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. சட்டம் படித்தவர்களுக்கு அது சரியான தீர்ப்பு. எனக்கு அன்றைக்கு அந்த நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

சினிமாவுக்கு மட்டும் ஏன் பட்டியலில் இடம்? சங்கம் இருப்பதால்தான் என்பேன். இந்த ஊரில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். தெலுங்குத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம், ‘24 கிராப்ட்ஸ்’ என்று இங்கே சொல்வார்கள், நம் தமிழ்த் திரையுலகின் பெப்சி மாதிரி. முப்பது சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினெட்டு நாள் படப்பிடிப்புகள் நின்றன. தொழிலாளர் ஆணையர் பேசினார், முதலமைச்சர் தலையிட்டார். மூன்றாண்டில் தவணையாக 22.5 சதவீதம் என்று முடிந்தது. பத்திரிகைகள் சதவீதத்தைத் தலைப்பாகப் போட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது கோரிக்கையில் இருந்த இன்னொரு வரி: கூலியை அன்றன்றைக்கே கொடுக்க வேண்டும்.

அந்த வரியின் கனம் தெரிய யூசுப்குடா பக்கம் கிருஷ்ணா நகருக்குக் காலையில் போக வேண்டும். துணை நடிகர், லைட்மேன், செட் தச்சர், நடனக் குழுவினர் எல்லாரும் டீக்கடைகளைச் சுற்றி நிற்பார்கள். வண்டி வரும், பெயர் கூப்பிடுவார்கள், ஏறுவார்கள். கூப்பிடாதவர் இன்னொரு டீ சொல்லுவார். அங்கே ‘எவ்வளவு’ என்ற கேள்வியைவிட ‘எப்போது’ என்ற கேள்விதான் அதிகம் கேட்கும். படம் பல மொழியில் பல நூறு கோடிக்கு விற்கப்படுவதைப் பற்றிச் சுவரொட்டி சொல்லும். அதன் செட்டுக்கு ஆணியடித்தவர் போன மாதத்துக் கூலிக்காக மேனேஜருக்குப் போன் செய்துகொண்டிருப்பார். தாமதமாக வரும் கூலி பாதிக் கூலி. மீதியை வட்டிக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

சங்கத்திலும் ஓட்டை உண்டு. உறுப்பினர் அட்டைக்குக் கேட்கும் தொகை புதிதாக வருகிறவர்களால் தாங்கக்கூடியது இல்லை. கதவுக்கு உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு, வெளியே இருப்பவருக்குக் கதவு. அதே சமயம், மணிகொண்டாவில் திரைத்தொழிலாளர்களுக்கு எழுந்த சித்திரபுரி காலனி இந்தச் சங்க வாழ்விலிருந்துதான் வந்தது. வழக்கும் புகாரும் அங்கே குறைவில்லை. ஆனாலும் லைட்மேனுக்கு வீடு என்ற எண்ணமே நம் சபா உலகத்தில் எழுந்ததில்லையே.

அரசே மாதச் சம்பளம் கொடுத்தால் என்ன? தெலங்கானா செய்து பார்த்துவிட்டது. தனி மாநிலப் போராட்டத்தில் ‘தூம் தாம்’ மேடைகளில் கஜ்ஜை கட்டி ஆடிப் பாடியவர்களிலிருந்து 550 பேரைத் தேர்ந்து, ‘தெலங்கானா சாம்ஸ்கிருதிக சாரதி’ என்ற அமைப்பில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியது. பாடகர் ரசமயி பாலகிஷன் தலைவரானார். நாட்டுப்புறக் கலைஞன் ஒருவனுக்கு வங்கியில் ஒன்றாம் தேதி சம்பளம் விழுவதென்பது இந்த நாட்டில் சின்ன விஷயமா? அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

விலையும் இருந்தது. தெருவில் ஆட்சியைக் கேள்வி கேட்டுப் பாடிய குரல்கள் அரசுத் திட்டங்களின் விளம்பரத்தைப் பாடின. சம்பளம் கொடுப்பவர் பாட்டைத் தேர்ந்தெடுப்பார் என்பது ஜாகீர் காலத்திலிருந்து உள்ளதுதான். மக்கள் பாடகர் கத்தர் கனரா வங்கியில் எழுத்தர் வேலையில் இருந்தவர். 1980களில் அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் பாட்டோடு போனார். 2023 ஆகஸ்டில் இறந்தார். இப்போது மாநில அரசு கொடுக்கும் திரைப்பட விருதுக்கு அவர் பெயர். சாரதியின் தலைமைக்கு அவர் மகள். இதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல நான் ஆளில்லை, குறித்துவைக்கிறேன்.

சம்பளமும் வேண்டும், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் சம்பளம் கொடுப்பவரிடம் போகக் கூடாது. இந்த முடிச்சுக்கு அயர்லாந்து ஒரு வழி கண்டுபிடித்தது. 2022இல் இரண்டாயிரம் கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுக்கு. தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். தேர்வுக்குழு கிடையாது, ‘இந்த ஆண்டு என்ன படைத்தாய்’ என்ற கேள்வி கிடையாது. கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பணம் வந்தவர்கள் தங்கள் கலையில் கூடுதல் நேரம் செலவழித்தார்கள், சோம்பேறியாகவில்லை. 2025இல் அதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். பிரான்சில் வேறு மாதிரி: ஆண்டில் 507 மணி நேரம் மேடையிலோ படப்பிடிப்பிலோ வேலை செய்ததாகக் காட்டினால், வேலையில்லாத மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆடி மாதத்துக்குச் சம்பளம் என்று நம் பாஷையில் சொல்லலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றிய அரசின் மூத்த கலைஞர் உதவி மாதம் ஆறாயிரம் வரை. அறுபது வயதாக வேண்டும், ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் மூவாயிரம். ‘நலிந்த’ என்பது தகுதி. நலியும்வரை காத்திருக்க வேண்டும், நலிந்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். முப்பது வயதில், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் ஆண்டில், கலையை விட்டுவிட்டு மருந்து விற்கப் போகலாமா என்று யோசிப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அடுத்த ஆண்டு வராமல் போனவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள். கிழவர்கள் கடைசிவரை வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியாக, இந்தப் பேச்சை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். அறங்காவலர்கள் எதிரே இருக்கிறார்கள், தப்பிக்க வழியில்லை. இன்று நான் பேசுவது வட்டிப் பணத்தில். யாரோ ஒரு புண்ணியவான் வைத்துவிட்டுப் போன முதலை நீங்கள் தொடவில்லை, அதனால் ஆண்டுதோறும் ஒருவர் வந்து பேச முடிகிறது. பேச்சாளனுக்குத் தெரிந்த இந்த நியாயத்தைக் கலைஞனுக்கும் காட்டுங்கள். ஆண்டு விழாவில் ஒரு மூத்த கலைஞருக்குக் கொடுக்கும் விருதுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு மாதாமாதம் அனுப்புங்கள். மூத்தவருக்குச் சால்வை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கல் வைத்தால் மிகவும் நல்லது. குழு வைத்தால் அந்தக் குழுவின் கணக்கை நான் எழுத மாட்டேன். அடுத்து, இந்த அரங்கில் நடக்கும் கச்சேரிகளுக்குப் பாடகர், வயலின், மிருதங்கம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொகை எழுதிய ஒப்பந்தக் கடிதம் முன்கூட்டியே போகட்டும், பணம் அன்றிரவே வங்கிக்குப் போகட்டும். சாஸ்திரியக் கலைக்கும் நாட்டுப்புறக் கலைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜி.எஸ்.டி. கிடையாது; அந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

மாதந்தோறும் தானாகப் பணம் போக வங்கியில் நிலையாணை ஒன்று கொடுத்தால் போதும், ஒரு பக்கப் படிவம். கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு அறங்காவலர் கையெழுத்து வேண்டும், தேதி ஒன்று என்று போட்டுவிட்டேன், தொகைக்கான இடம் மட்டும் காலி. செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.